பெத்தது ஏழு, இருக்கிறது மூணு
(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வாத்தியாரை இந்த அவைக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. இங்கே இருப்பவர்களில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள். மீதிப்பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். அவர் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவில் இதுவரை கவிதை பற்றியும் நாவல் பற்றியும் தன்வரலாறு பற்றியும் பேசியிருக்கிறார்கள். நான் மக்கள்தொகை பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் மன்றச் செயலாளர், "இலக்கிய மேடையில புள்ளிவிவரமா அண்ணே?" என்று தயங்கினார். இந்தத் தலைப்பை எனக்குக் கொடுத்ததே வாத்தியார்தான் என்று சொன்னேன்.

1981 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வாத்தியார் கணக்கெடுப்பாளராகப் போனார். ஊர்த்தெருவுக்கு வேறு ஆசிரியர்கள், சேரிக்கு இவர். அப்படித்தான் பிரித்தார்கள், ஏன் என்று யாரும் கேட்கவுமில்லை, யாரும் சொல்லவுமில்லை. அந்த ஆண்டு மணமான பெண்களிடம் கேட்கவேண்டிய கேள்விகளில் இரண்டு அடுத்தடுத்து இருந்தன. உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை? இப்போது உயிரோடு இருப்பவர்கள் எத்தனை? ஒரு பெரியம்மா, களத்துமேட்டில் நெல் தூற்றிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாராம்: "பெத்தது ஏழு, இருக்கிறது மூணு. எழுதிக்க தம்பி." வாத்தியார் ஒரு கட்டத்தில் 7 என்றும் அடுத்த கட்டத்தில் 3 என்றும் எழுதினார். "செத்துப்போன நாலு பிள்ளைங்களுக்கு அந்தப் படிவத்துல ஒரு கட்டம் இல்லடா. கழிச்சுப் பார்த்தாதான் தெரியும்" என்று எங்களிடம் சொன்னார்.

ஒரு நாட்டின் மக்கள்தொகை எப்படிப் பெருகுகிறது என்ற கேள்விக்கு அந்தப் பெரியம்மா சொன்ன இரண்டு எண்களிலேயே விடை இருக்கிறது. அதை விரித்துச் சொல்வதுதான் என் வேலை.

முதலில் கணக்கு. ஒரு நாட்டின் மக்கள்தொகை மாற மூன்றே வழிகள்: பிறப்பு, இறப்பு, இடப்பெயர்ச்சி. இடப்பெயர்ச்சியை நாம் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. இலங்கைத் தோட்டங்களுக்கும் மலேயாவுக்கும் பர்மாவுக்கும் போன கப்பல்களில் நம் முன்னோர் இருந்தார்கள். 1964இல் இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்டு 9,75,000 பேரில் பெரும்பகுதியை இரண்டு நாடுகளுக்கும் பங்குபிரித்த கதையும் நமக்குத் தெரியும். ஆனால் இந்தியா என்ற பெரிய பரப்பில் பார்த்தால் வந்தவர், போனவர் எண்ணிக்கை சிறியது. பிறப்பிலிருந்து இறப்பைக் கழித்தால் கிடைப்பதே வளர்ச்சி.

1901இல் இந்தியாவின் மக்கள்தொகை 23.8 கோடி. 1911இல் 25.2 கோடி. 1921இல் 25.1 கோடி, அதாவது குறைந்துவிட்டது. இந்தியக் கணக்கெடுப்புகளின் வரலாற்றில் நாட்டின் மொத்தத் தொகை சரிந்த பத்தாண்டு அதுதான். அதற்குப்பின் சரியவே இல்லை. 1951இல் 36.1 கோடி, 1971இல் 54.8 கோடி, 2001இல் 102.9 கோடி, 2011இல் 121 கோடி. 2023இல் சீனாவைத் தாண்டிவிட்டோம் என்று ஐக்கிய நாடுகள் சபை மதிப்பிட்டது.

இந்தப் பெருக்கத்துக்கு என்ன காரணம்? டீக்கடையில் கேட்டாலும் குளிர்சாதன அறையில் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "ஏழைங்க பெத்துத் தள்ளுறாங்க." அந்த "ஏழைங்க" என்ற சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள் என்று சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும்.

பதிவேடு என்ன சொல்கிறது என்று பாருங்கள். 1911 முதல் 1921 வரையிலான பத்தாண்டில் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்குச் சுமார் 48 பிறப்பு, 47 இறப்பு. 1951 முதல் 1961 வரை ஆயிரத்துக்குச் சுமார் 42 பிறப்பு, 23 இறப்பு. நாற்பது ஆண்டுகளில் பிறப்பு கூடவில்லை, கொஞ்சம் குறைந்தே இருக்கிறது. இறப்பு பாதியாகிவிட்டது. 48இல் 47 போனால் மிச்சம் 1. 42இல் 23 போனால் மிச்சம் 19. மக்கள்தொகை "வெடித்தது" என்கிறார்களே, அது இதுதான். முன்பு பிறந்த அளவுக்குச் செத்துக்கொண்டிருந்தவர்கள், பிறகு அந்த அளவுக்குச் சாகவில்லை. பெற்றது கூடவில்லை, இருப்பது கூடியது.

மாணவர்கள் இந்த ஒரு வரியை மட்டும் குறித்துக்கொண்டு போனாலும் போதும். நம் பாட்டிமார்கள் நிறையப் பெற்றதால் இந்த நாடு பெருகவில்லை. அவர்கள் பெற்றதில் கொஞ்சம் கூடுதலாகப் பிழைத்ததால் பெருகியது. பிழைத்ததையே ஒரு குற்றமாக நம்மேல் சுமத்திவிட்டார்கள்.

சரி, முன்பு ஏன் அவ்வளவு சாவு? தாது வருஷப் பஞ்சத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை. சென்னை மாகாணத்தில் 1871இல் சுமார் 3.12 கோடிப் பேர் எண்ணப்பட்டார்கள். பத்து ஆண்டு கழித்து 1881இல் எண்ணியபோது சுமார் 3.08 கோடிப் பேர்தான் இருந்தார்கள். பத்தாண்டு பிறந்த பிள்ளைகளை எல்லாம் சேர்த்த பிறகும் மொத்தம் குறைந்திருக்கிறது என்றால், எத்தனை பேர் போயிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். போனவர்கள் யார்? நிலம் இல்லாதவர்கள், கூலியைத் தவிர வேறு பிடிமானம் இல்லாதவர்கள், களத்தில் கடைசியாக அளக்கப்படும் தானியத்துக்குக் காத்திருந்தவர்கள். வேலை நின்ற அன்றைக்கே அவர்கள் வீட்டில் அடுப்பும் நின்றது.

அந்தப் பஞ்சத்தில் இரண்டு அதிகாரிகளுக்கு நடுவே ஒரு சண்டை நடந்தது. ரிச்சர்ட் டெம்பிள் என்பவர் பஞ்ச நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்த அனுப்பப்பட்டவர். மண் சுமக்கும் ஓர் ஆண் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், நம் கணக்கில் சுமார் 450 கிராம், அதோடு ஒரு அணா போதும் என்று 1877 தொடக்கத்தில் அளவைக் குறைத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ், இந்த அளவில் உழைக்கிற உடம்பு நிற்காது என்று எதிர்த்து எழுதினார். சில மாதங்களில் அளவைத் திரும்பக் கூட்ட வேண்டியதாயிற்று. அதற்குள் எத்தனையோ பேர் நிவாரண வேலைத்தலங்களிலேயே விழுந்துவிட்டார்கள்.

இந்தக் கார்னிஷ்தான் 1871 கணக்கெடுப்பின் சென்னை மாகாண அறிக்கையை எழுதியவர். மக்களை எண்ணியவர், எண்ணிய மக்கள் சாகும்போது, கொடுக்கிற சோறு போதாது என்றார். அவரைப் புனிதராக்கிவிட நான் சொல்லவில்லை. ஆட்சியின் ஊழியர்தான் அவரும். எண்ணிக்கை ஒன்றே என்றாலும் அதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பது வேறு கேள்வி என்பதற்காகச் சொல்கிறேன்.

டெம்பிள் பக்கம் நின்றவர்களுக்கு ஒரு தத்துவம் இருந்தது. 1798இல் மால்தஸ் எழுதியது: உணவு பெருகுவதைவிட வேகமாக மக்கள் பெருகுவார்கள்; பஞ்சமும் நோயும் வந்து அதைச் சரிக்கட்டும். இந்த மால்தஸ் வெறும் நூலாசிரியர் அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரிகளைப் பயிற்றுவித்த ஹெய்லிபரி கல்லூரியில் 1805 முதல் 1834இல் இறக்கும்வரை பேராசிரியராக இருந்தவர். இந்தியாவை ஆள வந்த ஒரு தலைமுறையே அவர் வகுப்பில் உட்கார்ந்து எழுந்தது. பட்டினியில் சாகிறவனைப் பார்த்து "நீ பிறந்ததே தப்பு" என்று சொல்லத் தெரிந்த ஆட்சி அப்படி உருவானது.

அடுத்து 1918. விஷக்காய்ச்சல் என்று நம் பெரியவர்கள் சொன்ன இன்ஃபுளுயன்சா. இந்தியாவில் குறைந்தது 1.2 கோடிப் பேர் செத்தார்கள் என்பது மதிப்பீடு. 1921 கணக்கில் தொகை சரிந்ததற்கு இதுவே முதல் காரணம். நோய்க்குச் சாதி தெரியாது என்பார்கள். பம்பாய் நகரத்தின் பதிவைப் பாருங்கள். ஐரோப்பியரில் ஆயிரத்துக்கு 8.3 பேர் இறந்தார்கள். மற்ற இந்துக்களில் 18.9 பேர். "தாழ்ந்த சாதி இந்துக்கள்" என்று அந்தப் பதிவு குறிப்பிடும் மக்களில் 61.6 பேர். கிருமிக்குச் சாதி தெரியாமல் இருக்கலாம். தண்ணீர்க் குழாய்க்குத் தெரியும், காற்றோட்டமில்லாத சாளுக்குத் தெரியும், வாசலில் நிற்கவைத்து மருந்து கொடுத்தவருக்குத் தெரியும்.

பிறகு இறப்பு குறையத் தொடங்கியது. 1943 வங்கப் பஞ்சத்துக்குப்பின் அந்த அளவில் பெரும்பஞ்சம் வரவில்லை. 1953இல் மலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம். பெரியம்மையின் கடைசி நோயாளி 1975இல். ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம், தடுப்பூசி, கிராம சுகாதாரச் செவிலியர், நம் மாநிலத்தில் பள்ளியில் ஒருவேளைச் சோறு. ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒரு வயதுக்குள் இறப்பவை 1971இல் 129, 2020இல் 28, தமிழ்நாட்டில் 13. விடுதலை அடைந்த காலத்தில் சராசரி ஆயுள் 32 வயது. இன்று சுமார் 70. இதில் பெருமைப்பட நியாயம் உண்டு. கேட்டுப் போராடி வாங்கியதும் இதில் உண்டு.

ஆனால் சமமாகக் குறைந்ததா? இங்கே மாணவர்கள் ஒரு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். தலித் பெண்கள் மற்ற உயர்சாதிப் பெண்களைவிட 14.6 ஆண்டு முன்னதாக இறக்கிறார்கள் என்று நம் மேடைகளில் அடிக்கடி சொல்கிறோம். 2018இல் ஐக்கிய நாடுகள் பெண்கள் அமைப்பின் அறிக்கையில் வந்த எண் அது. அது இறந்தவர்களின் சராசரி வயது. இளவயதினர் அதிகம் உள்ள சமூகத்தில் அந்தச் சராசரி இயல்பாகவே கீழே இருக்கும். ஆயுட்கால எதிர்பார்ப்பு என்பது வேறு அளவு. அதை ஒன்பது மாநிலங்களின் தரவைக்கொண்டு ஆய்ந்து 2022இல் வெளியான ஆய்வில், உயர்சாதி இந்துக்களைவிடத் தலித்துகளின் ஆயுள் மூன்று ஆண்டுக்கு மேல் குறைவு, ஆதிவாசிகளின் ஆயுள் நான்கு ஆண்டுக்கு மேல் குறைவு என்று வந்தது. வசதியில் உள்ள வித்தியாசம் மட்டும் அதை முழுதாக விளக்கவில்லை என்றும் அந்த ஆய்வு சொன்னது. பெரிய எண்ணைச் சொன்னால்தான் கைதட்டல் வரும் என்று நினைக்காதீர்கள். 20 கோடிப் பேரில் ஆளுக்கு மூன்று ஆண்டு என்று பெருக்கிப் பாருங்கள். சரியான எண்ணே நமக்குப் போதும். தப்பான எண்ணைப் பிடித்து நம்மை மடக்க எதிரிக்கு வாய்ப்புக் கொடுக்கக்கூடாது.

இனி அந்தப் பெரியம்மாவிடம் திரும்புவோம். அவர் ஏன் ஏழு பெற்றார்? அறியாமை என்பார்கள். நான் கணக்கு என்பேன். ஏழில் நாலு போகும் என்று தெரிந்த ஊரில், கடைசிக் காலத்தில் கஞ்சி ஊற்ற ஒருவராவது மிஞ்சவேண்டும் என்றால் ஏழு பெறத்தான் வேண்டும். பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்ததும் அவருடைய மகள் மூன்றோடு நிறுத்தினார், பேத்தி இரண்டோடு நிறுத்தினார். உலகம் முழுக்க வரிசை இதுதான். முதலில் சாவு குறையும். ஒரு தலைமுறை கழித்துப் பிறப்பு குறையும். இடையில் உள்ள அந்த ஒரு தலைமுறைக் காலத்தில் மக்கள்தொகை மளமளவென்று ஏறும். இங்கிலாந்திலும் இப்படித்தான் ஏறியது.

நம் மக்கள் இதில் பின்தங்கியும் இல்லை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி 1992-93இல் பட்டியல் சாதிப் பெண் ஒருவருக்குச் சராசரியாக 3.9 குழந்தைகள். 2019-21இல் 2.1. நாட்டின் மொத்தச் சராசரி 2.0. இந்த வித்தியாசத்தை வைத்துக்கொண்டுதான் "பெத்துத் தள்ளுறாங்க" என்கிறார்கள்.

அப்படியானால் ஏன் இன்னும் தொகை ஏறுகிறது என்று ஒரு மாணவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. நேற்று பிறந்தவர்கள் அதிகம் என்பதால் இன்று பெற்றோராகும் வயதில் இருப்பவர்கள் அதிகம். ஆளுக்கு இரண்டே பெற்றாலும் மொத்தம் கொஞ்ச காலத்துக்கு ஏறும். ஓடிவந்த பேருந்து பிரேக் போட்ட பிறகும் சற்றுத் தூரம் போய் நிற்பதுபோல. 1961-71இல் பத்தாண்டு வளர்ச்சி 24.8 சதவீதம். 2001-11இல் 17.7. பேருந்து வேகம் குறைந்து பல வருடம் ஆகிவிட்டது.

இந்த இடத்தில் அரசு என்ன செய்தது என்று பார்க்க வேண்டும். கார்னிஷைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? எண்ணிய இன்னொரு அதிகாரியையும் சொல்கிறேன். ஆர். ஏ. கோபாலசுவாமி. விடுதலை இந்தியாவின் முதல் கணக்கெடுப்பான 1951 கணக்கெடுப்பை நடத்தியவர். மூன்று குழந்தைகளுக்கு மேல் பெறுவதை "முன்யோசனையற்ற தாய்மை" என்று தன் அறிக்கையில் பெயரிட்டார். பிறகு சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளரானார். கருத்தடை அறுவைக்குக் கைக்காசு கொடுக்கும் முறையில் அன்றைய சென்னை மாநிலம் நாட்டுக்கே முன்னோடி. பட்டினி கிடப்பவரிடம் காசை நீட்டிச் சம்மதம் கேட்டால் அது என்ன சம்மதம்? பெரியம்மாவின் 7 என்ற கட்டம் மட்டும் அந்த அதிகாரியின் கண்ணில் பட்டது. பக்கத்தில் இருந்த 3 படவில்லை.

காசு நீட்டிய கை நெருக்கடிநிலையில் தடி பிடித்தது. 1976-77 என்ற ஒரே ஆண்டில் 82 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள். அதில் 60 லட்சத்துக்கு மேல் ஆண்கள். ஆசிரியருக்கு இலக்கு, காவலருக்கு இலக்கு, ஆள் பிடிக்காவிட்டால் சம்பளம் இல்லை. இலக்கை நிரப்ப யாரைப் பிடிப்பார்கள்? கேட்க நாதியில்லாதவர்களை. தலித்துகளும் இசுலாமியர்களும் நடைபாதை மக்களும் பிடிபட்டார்கள். 1977இல் ஆட்சி கவிழ்ந்தது. ஆண்களைத் தொட்டால் ஓட்டுப் போகும் என்று கற்றுக்கொண்ட அரசு, பெண்கள் பக்கம் திரும்பியது. 2019-21 ஆய்வில் மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். ஆண் அறுவை 0.3 சதவீதம். தமிழ்நாட்டில் பெண்களின் விகிதம் பாதிக்கும் மேல்.

2012 சனவரியில் பீகாரின் அராரியா மாவட்டத்தில், ஒரு பள்ளிக்கூடத்தில், இரவில், இரண்டு மணி நேரத்துக்குள் 53 ஏழைப் பெண்களுக்கு அறுவை செய்தார்கள். 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் 83 பெண்களுக்கு ஒரே முகாமில் அறுவை நடந்தது. அந்த மாவட்டத்தில் பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். தேவிகா பிஸ்வாஸ் தொடுத்த வழக்கில் 2016இல்தான் உச்ச நீதிமன்றம் இந்த முகாம் முறையை மூன்று ஆண்டுக்குள் கைவிடச் சொன்னது.

இதைச் சொன்னதும் கருத்தடைக்கே நான் எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். 1938 நவம்பரில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கருத்தடை வசதி கோரும் தீர்மானத்தைச் சுதந்திரத் தொழிலாளர் கட்சி கொண்டுவந்தது. அண்ணல் தயாரித்த உரையை ரோகம் அவையில் நிகழ்த்தினார். தீர்மானம் தோற்றது. அந்த உரையின் அக்கறை பெண்ணின் உடல்நிலை, வறிய குடும்பத்தின் சுமை, வேண்டாத பேற்றை மறுக்கும் அவள் உரிமை. இங்கே சுயமரியாதை இயக்கமும் பெண் விடுதலையின் பெயரால்தான் கர்ப்பத்தடையைப் பேசியது. அண்ணல் கேட்டது அவள் கையில் ஒரு கருவி. அரசு கொடுத்தது அவள்மேல் ஓர் இலக்கு. இரண்டுக்கும் ஒரே பெயர் சூட்டி நம்மைக் குழப்புகிறார்கள்.

இதுவரை பிறப்பு, இறப்பு. இந்த இரண்டிலும் சேராத இன்னொன்றும் உண்டு: யாரை என்னவென்று எழுதுகிறார்கள் என்பது. ஒரு நாட்டின் தொகைக்குள் ஒரு சமூகத்தின் தொகை பேனா முனையில் கூடும், குறையும்.

1951 கணக்கில் இந்தியாவில் பௌத்தர்கள் சுமார் 1.8 லட்சம். 1961இல் சுமார் 32.5 லட்சம். பத்தாண்டில் பதினெட்டு மடங்கு. எந்தத் தாயும் இப்படிப் பெறமுடியாது. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் நடந்ததன் எண்ணிக்கை அது. அப்படி மாறியவர்கள் மைய அரசின் பட்டியல் சாதிக் கணக்கிலிருந்து உதிர்ந்தார்கள். 1990இல் சட்டம் மாறிப் பௌத்தரும் பட்டியலில் சேர்ந்தபோது, மராட்டியத்தில் பட்டியல் சாதியினர் விகிதம் 1981இல் இருந்த 7.1 சதவீதத்திலிருந்து 1991இல் 11.1 சதவீதம் ஆனது. விவரம் தெரியாதவர் அட்டவணையை மட்டும் பார்த்தால் என்ன சொல்வார்? "பாருங்க, எப்படிப் பெருகுறாங்க." பிறப்பால் வந்த ஏற்றம் அல்ல அது, ஒரு சட்டத்திருத்தத்தால் வந்தது. தலித் கிறித்தவர்கள் இன்றும் அந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறார்கள்.

இந்தச் சண்டை பழையது. 1911 கணக்கெடுப்புக்கு முன்னால் ஆணையர் கெயிட், இந்து என்று எழுதப்படுவோரில் கோயிலுக்குள் விடப்படாதவர் யார், தீண்டினால் தீட்டு என்று ஒதுக்கப்படுவோர் யார் என்றெல்லாம் பத்து அளவுகோல் வைத்துப் பிரித்துக் காட்டச் சொன்னார். பெரும் கூச்சல் எழுந்தது. கோயிலுக்கு வெளியே நிறுத்தும்போது வராத கூச்சல், கணக்குக்கு வெளியே எழுதும்போது வந்தது. அதே காலத்தில் அயோத்திதாசப் பண்டிதர் தமிழன் இதழில் நம் மக்கள் தங்களைச் சாதிபேதமற்றவர்களாக, பௌத்தர்களாகப் பதியவேண்டும் என்று வாதாடிக்கொண்டிருந்தார். 1932இல் லோதியன் குழு வாக்குரிமைக்காகத் தீண்டப்படாதோர் எண்ணிக்கையைக் கேட்டபோது, எங்கள் மாகாணத்தில் அப்படி யாரும் அதிகமில்லை என்று சாதி இந்துக்கள் சாதித்தார்கள். அந்தக் குழுவில் அண்ணலும் உறுப்பினர். கிணற்றடியில் நம்மை எண்ணத் தெரிந்தவர்களுக்கு, இடங்களைப் பங்குபோடும் மேசையில் எண்ணத் தெரியாமல் போயிற்று. அதே ஆண்டு பூனா ஒப்பந்தத்தில் கிடைத்த 148 இடங்களும் எண்ணிக்கையை நிலைநாட்டிப் பெற்றவை.

இதெல்லாம் பழங்கதை அல்ல, தோழர்களே. 2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், 2027 மார்ச் 1ஐ அடிப்படை நாளாக வைத்து அறிவிக்கப்பட்டது. 1931க்குப்பின் எல்லாச் சாதிகளையும் எண்ணப்போகும் கணக்கெடுப்பு இது. இந்த இடைவெளியின் விலையை என் பென்சில் கணக்கில் சொல்கிறேன். 2001இல் தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 19.0 சதவீதம். அதைக்கொண்டுதான் இன்றைய தனித்தொகுதிகள் பிரிக்கப்பட்டன: மக்களவையில் 39க்கு 7, சட்டமன்றத்தில் 234க்கு 44. 2011இல் விகிதம் 20.0 சதவீதம். அதைப் போட்டுப் பார்த்தால் மக்களவையில் 8, சட்டமன்றத்தில் 47 வரும். ஒரு நாடாளுமன்ற உறுப்பினர், மூன்று சட்டமன்ற உறுப்பினர்கள் பழைய கணக்கில் முடங்கிக் கிடக்கிறார்கள். மக்கள்தொகை விகிதப்படி ஒதுக்கவேண்டிய சிறப்பு உட்கூறுத் திட்ட நிதிக்கும் இதே கதைதான்.

அடுத்தது தொகுதி மறுவரையறை. பிறப்பைக் குறைத்த மாநிலம் இடங்களை இழக்குமோ என்ற அச்சம் நியாயமானது. 1962இல் நமக்கு 41 மக்களவை இடங்கள் இருந்தன; 1967இல் 39 ஆயின. 1976இல் 1971 கணக்கோடு இடங்களை உறையவைத்ததே, குடும்பக் கட்டுப்பாடு செய்த மாநிலங்கள் தண்டிக்கப்படக் கூடாது என்பதற்காக. அந்த உரிமைக்காக நாமும் குரல் கொடுப்போம். ஆனால் அதற்கு வழியாகக் கூடுதல் பிள்ளை பெறுங்கள் என்ற பேச்சு 2024 அக்டோபரில் ஆந்திர மேடையிலும் வந்தது, தமிழ்நாட்டு மேடையிலும் வந்தது. இரண்டு பிள்ளைக்கு மேல் பெற்றால் உள்ளாட்சித் தேர்தலில் நிற்கமுடியாது என்று முப்பது ஆண்டு சட்டம் வைத்திருந்த ஆந்திரம் அதை 2024இல் எடுத்துவிட்டது. அந்தச் சட்டத்தால் இத்தனை காலம் வாசலில் நிறுத்தப்பட்டவர்களுக்கு யார் பதில் சொல்வது?

நேற்று அவளிடம் "நிறுத்து" என்றார்கள். இன்று "பெறு" என்கிறார்கள். இரண்டு முறையும் அவளைக் கேட்கவில்லை. நாம் சொல்ல வேண்டியது இது: எங்கள் தொகையைக் கூட்ட விருப்பமென்றால் பிறந்தவர்களைச் சாகவிடாதீர்கள். பிரசவத்தில் சாகவிடாதீர்கள், மலக்குழியில் சாகவிடாதீர்கள், காதலித்ததற்காகத் தண்டவாளத்தில் கிடக்கவிடாதீர்கள். எத்தனை பெறுவது என்பதை அவள் பார்த்துக்கொள்வாள்.

முடிக்கிறேன். மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. கணக்கெடுப்பாளர் சேரிக்கு வரும் நாளில் நீங்கள் அங்கே இருங்கள். செங்கல் சூளைக்கும் திருப்பூருக்கும் போனவர்கள் விடுபடாமல் பாருங்கள். ஏரிக்கரையில், புறம்போக்கில், கதவு எண் இல்லாத வீடும் வீடுதான் என்று சொல்லுங்கள். சாதிப் பெயரையும் மதத்தையும் அவரவர் சொன்னபடி எழுதுகிறார்களா, எழுதுபவர் தாமாக ஊகித்து எழுதுகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். இந்த முறை கைபேசிச் செயலியில் பதிவார்கள். பதிந்ததை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை.

வாத்தியார் அந்தப் பெரியம்மாவின் வாசலிலிருந்து எழுந்தபோது, "எதுக்கு தம்பி இதெல்லாம் எழுதுற?" என்று அவர் கேட்டாராம். வாத்தியாருக்கு உடனே பதில் வரவில்லை. "நீங்க இருக்கீங்கன்னு அரசாங்கத்துக்குத் தெரியணும்மா" என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன் என்றார். கிளம்பும்போது அந்தப் பெரியம்மா, "அப்ப அந்த நாலையும் எழுதிக்க" என்றிருக்கிறார்.

எழுதுவோம். ஜெய்பீம்.